கட்டையைப் படி, பிறகு காளானை எண்ணு: அகன்ற இலைக் காடுகளில் மரம் மக்கவைக்கும் பூஞ்சைகளைக் கணக்கெடுக்கும் முறை

காளான் கணக்கெடுப்பு என்று காட்டுக்குப் போய்வருபவர்கள் பலரிடம் ஒரு பெயர்ப் பட்டியலும் நூறு படங்களும் இருக்கும். எந்த மரத்தின் கட்டையில் இருந்தது, அது எவ்வளவு தடிமன், எந்த அளவுக்கு மக்கியிருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பட்டியலை வைத்து இரண்டு காடுகளை ஒப்பிட முடியாது. விறகு பொறுக்குவதால் என்ன குறைகிறது என்றும் சொல்ல முடியாது. மரத்தில் வளரும் பூஞ்சைக்கு வீடு, சோறு இரண்டும் அந்தக் கட்டைதான். ஆகவே குறிப்பேட்டில் முதல் வரி கட்டைக்கு, இரண்டாவது வரி காளானுக்கு.

இங்கே சொல்லும் முறை மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளையும் இலையுதிர் காடுகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கொல்லிமலை, ஜவ்வாது மலை, ஊர்க் கோயில் காடு என்று எங்கும் சிறு மாற்றத்தோடு பொருந்தும்.

அனுமதி

காப்புக்காட்டுக்குள் நுழையவே வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் தரும் ஆய்வு அனுமதி தேவை. விண்ணப்பத்தில் ‘பார்வையிடல்’ என்று மட்டும் எழுதிவிட்டுக் காளானை அறுத்து எடுத்துவந்தால் சிக்கல். ‘மாதிரி சேகரிப்பு’ என்பதையும், ஒரு மாதிரிக்கு எத்தனை கிராம் என்பதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமும் குறுக்கே வரும். சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். முதல்முறை பழகுபவர்களுக்குக் கல்லூரி வளாகத்துப் புளியும் வாகையும் மாமரத்துப் பட்ட கிளைகளுமே போதும். கை பழகியபின் மலை ஏறலாம்.

எந்த நேரத்தில் போவது

நாம் காளான் என்று சொல்வது பூஞ்சையின் கனி மட்டும்தான். உடல் முழுவதும் கட்டைக்குள்ளே நூலிழையாகப் பரவிக் கிடக்கிறது. கனி தராத மாதத்தில் போனால் பூஞ்சை இல்லை என்று எழுதிவிட்டு வருவோம். கேனோடெர்மா, ஃபெல்லினஸ் போன்ற கட்டிக் காளான்கள் ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும்; கோடையிலும் பார்க்கலாம். தொப்பிக்கு அடியில் மடிப்பு மடிப்பாகச் செவுள் உள்ள மென்மையான காளான்கள் சில நாட்களில் அழுகி மறையும். ஆகவே ஓர் இடத்துக்கு ஆண்டில் இருமுறையாவது போக வேண்டும். வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களில் ஒரு முறை, அக்டோபர்-நவம்பரில் ஒரு முறை. கொல்லிமலை போன்ற கிழக்கு மலைகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கே முதலிடம். கொட்டும் மழையில் போவதில் பயனில்லை. மேற்பரப்பின் மயிரும் நிறமும் ஊறிப்போய் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், எழுதும் தாளும் கூழாகும். நல்ல மழைக்குப் பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டு, வானம் சற்றுத் தெளிந்த நாள்தான் சரியான நாள்.

கையில் இருக்க வேண்டியவை

30 மீட்டர் நாடா, தையல்காரர் நாடா, 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், கூர்மையான கத்தி, மடக்கு ரம்பம், பழுப்புக் காகிதப் பைகள், அறைகள் பிரித்த பிளாஸ்டிக் டப்பா, பென்சில், அளவுகோல், ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி. பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரையும். விட்டம் அளக்கத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை: சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 31.4 செ.மீ. என்றால் விட்டம் 10 செ.மீ. நாடாவில் 31.4ஐச் சிவப்பு மையால் குறித்துவைத்தால் காட்டில் கணக்குப் போட வேண்டியதில்லை. பாலித்தீன் பையில் காளானைப் போடாதீர்கள். வியர்த்து, மாலைக்குள் சளியாகிவிடும். அட்டைப்பூச்சிக்கு உப்பு, காலுக்கு அது ஏறாத உறை.

பிளாட் போடுவதும் கட்டையை அளப்பதும்

பிளாட் என்பது கணக்கெடுக்க அளந்து குறித்த நிலத்துண்டு. 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம், அதாவது 400 சதுர மீட்டர், இருவர் கையாளத் தோதானது. ஒரு காட்டு வகைக்குக் குறைந்தது 5, முடிந்தால் 10. நல்ல காளான் கண்ணில் பட்ட இடத்தில் பிளாட்டைப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் மொத்தக் கணக்கும் கோணும். புறப்படுமுன்பே வரைபடத்தில் புள்ளிகளை முடிவுசெய்து, அங்கே என்ன இருந்தாலும் அதையே அளக்க வேண்டும். காளானே இல்லாத பிளாட்டும் ஒரு தகவல்தான்.

சதுரத்துக்குள் 10 செ.மீ. விட்டத்துக்கு மேலுள்ள விழுந்த மரம், பட்ட மரம், அடிக்கட்டை எல்லாவற்றுக்கும் எண் கொடுங்கள். அதைவிட மெலிந்த கிளைகளையும் சுள்ளிகளையும் முழுச் சதுரத்திலும் தேடினால் பொழுது சாய்ந்துவிடும். மூலையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் உள்சதுரம் போட்டு அதில் மட்டும் பாருங்கள். ஆனால் அதை விட்டுவிடக் கூடாது. பெரிய கட்டைகளை மட்டுமே பார்த்துத் திரும்புவது இந்த வேலையின் மிகப் பழைய பிழை. அகன்ற இலைக் காட்டில் கிளைகள் ஓயாமல் உதிர்கின்றன. மைக்ரோபோரஸ், மராஸ்மியஸ் போன்ற காளான்களில் பலவும் கட்டைவிரல் தடிமன் குச்சியில்தான் குடியிருக்கும்.

ஒவ்வொரு கட்டைக்கும் இரு முனை விட்டம், நீளம் எழுதுங்கள். கன அளவுக்கு இரு முனைகளின் பரப்பைக் கூட்டிப் பாதியாக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 6 மீட்டர் நீளக் கட்டைக்கு ஒரு முனை 40 செ.மீ., மறு முனை 30 செ.மீ. விட்டம் என்றால்: பரப்பு 0.126, 0.071 சதுர மீட்டர், சராசரி 0.098, கன அளவு சுமார் 0.59 கன மீட்டர்.

மரத்தின் பெயர்தான் கடினம். இலை இல்லை, பூ இல்லை, பட்டையும் பாதி போயிருக்கும். வெட்டிய இடத்தின் நிறம், மணம், பட்டையின் உட்புறம், விழுந்த திசையில் உள்ள அடிமரம், அதன் அடியில் துளிர்த்த இளந்தளிர் என்று தேட வேண்டும். உடன்வரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும், காடர், முதுவர், காணிக்காரர் போன்ற மலைக்குடியினரும் பட்டையைக் கிள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்ன ஊர்ப்பெயரை அப்படியே எழுதிக்கொண்டு, தாவரப் பெயரைப் பிறகு சரிபாருங்கள். தெரியவில்லை என்றால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய மரப்பெயர், பெயர் எழுதாததைவிடக் கெடுதல்.

மக்கல் நிலை: கத்திச் சோதனை

ஒரே கத்தியை ஒரே ஆள் ஒரே அழுத்தத்தில் குத்திப் பார்க்க வேண்டும். ஆள் மாறினால் நிலையும் மாறும்.

நிலை 1: பட்டை இறுக்கமாக இருக்கிறது, கத்தி சில மில்லிமீட்டரே இறங்குகிறது.
நிலை 2: பட்டை கழன்று வருகிறது, கத்தி 1 முதல் 2 செ.மீ. இறங்குகிறது.
நிலை 3: பட்டை பெரும்பாலும் இல்லை, 3 முதல் 5 செ.மீ. இறங்குகிறது.
நிலை 4: கத்தி பிடிவரை இறங்கும், கட்டை உருளை வடிவம் இழந்து அமுங்கியிருக்கும்.
நிலை 5: கையில் எடுத்தால் உதிரும், மேலே பாசியும் நாற்றும் வேரூன்றியிருக்கும்.

இந்த அளவுகோல் ஈட்டி, வேங்கை போன்ற வைரம் பாய்ந்த மரங்களில் ஏமாற்றும். வெளிப்புற வெண்கட்டை பஞ்சாகி 4ஆம் நிலை காட்டும். உள்ளே வைரம் மணிபோல ஒலிக்கும். இதற்கு நேர்மாறாக, நின்ற நிலையிலேயே உள்மரம் அழுகிக் கூடான மரமும் உண்டு. அதில் வெளிப்புறம் உறுதி, நடுவே பொந்து. எனவே பக்கவாட்டில் ஒரு குத்து, முனையில் ஒரு குத்து, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கறையான் அரித்ததையும் பூஞ்சை மக்கவைத்ததையும் குழப்பாதீர்கள். கறையான் தின்ற இடத்தில் மண் பூச்சும் தெளிவான சுரங்கமும் இருக்கும், சுற்றியுள்ள மரம் கெட்டியாகவே இருக்கும்.

வெள்ளை மக்கலா, பழுப்பு மக்கலா

கட்டையை ஓரிடத்தில் உடைத்துப் பாருங்கள். வெளிறி, நார்நாராகப் பிரிந்து, அழுத்தினால் பஞ்சுபோல் நீர் விட்டால் அது வெள்ளை மக்கல். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினையும், நாராக இருக்கும் செல்லுலோஸையும் சேர்த்தே தின்னும் பூஞ்சைகளின் வேலை. பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலிடையில் தேய்த்தால் பொடியானால் பழுப்பு மக்கல். அங்கே செல்லுலோஸ் போய்விட்டது, உருமாறிய லிக்னின் மிஞ்சியிருக்கிறது.

அகன்ற இலைக் காட்டில் பெரும்பாலும் வெள்ளை மக்கலையே பார்ப்பீர்கள். பழுப்பு மக்கல் செய்யும் இனங்களில் பலவும் ஊசியிலை மரங்களைச் சார்ந்தவை. தென்னிந்திய மலைகளிலோ இயற்கையாக வளரும் ஊசியிலை இனம் நாகெயா வாலிச்சியானா ஒன்றே ஒன்றுதான். அதோடு அகன்ற இலை மரங்களின் லிக்னின் வேதியமைப்பு, வெள்ளை மக்கல் பூஞ்சைகளுக்கு எளிதில் உடையக்கூடியது. அதனால் சோலையில் பழுப்பு மக்கல் கண்டால் நின்று கவனியுங்கள்: கந்தக நிற லேட்டிபோரஸோ, ஃபோமிடாப்சிஸோ, சுள்ளியில் முளைத்த ஆரஞ்சுநிறக் கரண்டி போன்ற டாக்ரியோபினாக்ஸோ அருகில் இருக்கலாம்.

உடைத்த முகத்தில் கறுப்பு மையால் கோடு இழுத்தாற்போல் வரிகள் தெரியும். பல வேளை அது இரண்டு பூஞ்சைகளுக்கு இடையிலான வேலி. ஒரே கட்டையில் எத்தனை குடித்தனம் என்பதை அந்தக் கோடுகளே சொல்லும்; சைலேரியா வகைகள் தன் எல்லையைத் தானே இப்படிக் கட்டிக்கொள்வதும் உண்டு.

எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது

ஒரு கட்டையில் ஸ்கைசோஃபில்லம் என்ற காளானின் தொப்பிகள் 200 இருந்தாலும் அது ஒரு பதிவுதான். ஒரு இனம், ஒரு கட்டை: ஒரு பதிவு. அந்த 200 தொப்பியும் ஒரே இழைப்பரப்பின் கனிகளாக இருக்கலாம். தொப்பிகளைத் தனி உயிர்களாக எண்ணுவது, மாங்காயை எண்ணி மாமரம் இத்தனை என்று சொல்வது போன்றது. அதே இனம் 7 கட்டைகளில் இருந்தால் 7 பதிவு.

எல்லாக் கட்டையையும் ஒரே ஒழுங்கில் பாருங்கள்: மேல், இரு பக்கம், முனைகள், கடைசியாக அடிப்புறம். அடிப்புறத்தில்தான் சுண்ணாம்போ பெயிண்டோ பூசியதுபோல் ஒட்டிக் கிடக்கும் படலக் காளான்கள் இருக்கும். தொப்பியும் இல்லை, காம்பும் இல்லை. ஆகவே பல கணக்கெடுப்புகளில் இந்தக் கூட்டமே விடுபட்டுப் போகிறது. புரட்டக்கூடிய கட்டையை உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள். அடியில் பாம்போ தேளோ இருந்தால் கட்டை உங்களுக்கும் அதற்கும் நடுவே இருக்கும். பார்த்தபின் இருந்தபடியே திருப்பி வையுங்கள். ஈரப்பக்கம் வெயில் பார்த்தால் அடுத்த முறை அங்கே ஒன்றும் இருக்காது.

களத்திலேயே பிரித்தறிய

இனம் வரை போகாவிட்டாலும் பேரினம் வரை கைலென்ஸே அழைத்துப்போகும். முதலில் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். மேற்புறம் பார்த்துப் பெயர் சொல்வது வீண் துணிச்சல்.

அடியில் செவுள், ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தால் ஸ்கைசோஃபில்லம் கம்யூன். காய்ந்து கிடப்பதை நீரில் போட்டால் மறுபடி விரியும். வெயில் படும் புதிய கிளைகளில் முதலில் குடியேறுபவற்றுள் இது ஒன்று. தேன்கூட்டின் அறுகோணம்போல் துளைகள் என்றால் ஹெக்ஸகோனியா. மெல்லிய புனல் வடிவம், மஞ்சள் காம்பு, அடியில் வெறுங்கண்ணுக்கே தெரியாத நுண்துளைகள் என்றால் மைக்ரோபோரஸ் சாந்தோபஸ். செந்தூர நிறத்தில் வெயிலில் காய்ந்த கட்டையில் ஒட்டியிருப்பது டிராமெடெஸ் சாங்குவினியா. பலர் டிராமெடெஸ் என்று எழுதி அனுப்பும் வரிவரியான மெல்லிய விசிறியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் துளையே இல்லாமல் வழவழவென்றிருக்கும், அது ஸ்டீரியம். கரிக்கட்டை உருண்டையை அறுத்தால் உள்ளே வளையம் வளையமாக இருந்தால் டால்டினியா. கறுப்பு விரல், உள்ளே வெண்மை என்றால் சைலேரியா. காதுமடல்போல் வளைந்து நெளிவது ஆரிகுலேரியா.

கட்டிக் காளான்களில் இரண்டு கூட்டத்தைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடிப்புறம் வெண்மையாக இருந்து, நகத்தால் கீறியதும் பழுப்பாகக் கோடு விழுந்தால், சுற்றியுள்ள இலைமேல் காப்பித்தூள் போலப் பொடி படிந்திருந்தால் பெரும்பாலும் கேனோடெர்மா. சதை துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருந்து, அதன்மேல் 5 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் கறுத்து, கறுத்தபடியே நின்றால் ஃபெல்லினஸ் குடும்பம். அந்தக் கரைசல் தோலை அரிக்கும். சொட்டுப்புட்டியைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள்.

தென்னந்தோப்பு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் வாடல் நோய் என்று அறியப்படும் தென்னை அடித்தண்டழுகலுக்குக் காரணமும் கேனோடெர்மாதான். ஆய்ந்து முடித்த மிச்சத்தைத் தோப்பில் எறியாமல் எரித்துவிடுங்கள். எதையும் தின்று பார்க்கும் சோதனை இந்தக் கையேட்டில் இல்லை.

எடுப்பது, படம் பிடிப்பது

எடுக்கும் முன் மூன்று படம்: கட்டையோடு சேர்ந்த தோற்றம், அடிப்புறம், நெடுக அறுத்த உள்முகம். மூன்றிலும் அளவுகோலும் மாதிரி எண்ணும் தெரிய வேண்டும். நிறம், மணம், தொட்டால் மாறும் நிறம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். காய்ந்தபின் இவை திரும்பி வராது. ஒட்டியிருக்கும் மரத்தில் சிறு துண்டோடு சேர்த்து அறுங்கள். ஓர் இனத்துக்குக் கைப்பிடி போதும், கட்டையில் கொஞ்சம் விட்டுவையுங்கள். மரபணு ஆய்வுக்காக அறுத்த முகத்தின் உள்ளிருந்து அரிசி அளவு துண்டைச் சுத்தமான கத்தியால் எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட சிறு குப்பியில் இடுங்கள். வெளிப்புறத்திலிருந்து எடுத்தால் மேலே பூத்த பூசணத்தின் மரபணு வரிசைதான் வரும்.

வித்துத்தூள் அச்சுக்கு, தொப்பியைப் பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளின்மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். கட்டிக் காளான்கள் பல வேளை அச்சு தராது. வித்து விடும் பருவம் முடிந்திருக்கும். அது உங்கள் தவறில்லை.

உலர்த்துவது

அன்றைக்கே உலர்த்தத் தொடங்க வேண்டும். பழம் உலர்த்தும் மின்பெட்டியில் 40 முதல் 45 டிகிரி வரை வைத்தால் மெல்லியவை ஒரு நாளில், கட்டியானவை இரண்டு மூன்று நாளில் காயும். கட்டியானவற்றை 1 செ.மீ. தடிமன் துண்டுகளாக நறுக்குங்கள். சூடு கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று 60, 70க்கு ஏற்றினால் காளான் வெந்துவிடும். நுண்ணோக்கியில் இழைகள் குழம்பும், மரபணுவும் சிதையும். மடக்கினால் வளையாமல் சடக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

காய்ந்ததைக் காற்றுப்புகாத உறையில் மூடி, கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். உள்ளிருக்கும் வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுக்காவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த காளான்மேல் படிந்து, உலர்த்திய உழைப்பு வீணாகும். வண்டு தின்ற மாதிரிப் பெட்டிகளில் பலவும் இந்த ஒரு வாரத்தைச் சோம்பலில் விட்டவர்களுடையவை.

நுண்ணோக்கியும் மரபணுவும்

துளைப்பகுதியிலிருந்து பிளேடால் மிக மெல்லிய சீவலை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் வைத்து, எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கில் பாருங்கள். குறைந்தது 30 ஸ்போர்களின், அதாவது வித்துகளின், நீள அகலத்தை அளந்து, மிகச் சிறியது முதல் மிகப் பெரியது வரை எழுதுங்கள். ஒன்றிரண்டை அளந்து முடிவு சொன்னால் இனம் மாறிவிடும். இரட்டைச் சுவரும் ஒரு முனை வெட்டியதுபோலவும் உள்ள பழுப்பு ஸ்போர் கேனோடெர்மாவின் முத்திரை. அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் நீலமாகிறதா, செம்பழுப்பாகிறதா, மாறவே இல்லையா என்பது அடுத்த கேள்வி. பிறகு இழைகள்: பூஞ்சை ஆய்வாளர் ஈ.ஜே.எச். கார்னர் 1932இல் வகுத்துத் தந்தபடி, மெல்லிய இனப்பெருக்க இழை மட்டுமா, தடித்த எலும்பு இழையும் உண்டா, கிளைத்துப் பின்னும் பிணைப்பு இழையும் சேர்ந்து மூன்றுமா என்று பாருங்கள். துளைக் காளான்களின் வகைப்பாடு பல இடங்களில் இதன்மேல்தான் நிற்கிறது.

மரபணுவில் ஐடிஎஸ் (ITS) என்று அழைக்கப்படும் பகுதி 2012இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியீடாக ஏற்கப்பட்டது. வரிசையைத் தரவுத்தளத்தில் தேடி முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிக்கொள்வது பரவலான பழக்கம், ஆபத்தான பழக்கமும்கூட. அங்கே தவறான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகள் நிறைய. வெப்பமண்டலக் கேனோடெர்மாவுக்கெல்லாம் ‘லூசிடம்’ என்று ஐரோப்பியப் பெயரைச் சூட்டிய குழப்பம் இன்னும் தீரவில்லை. உருவமும் வரிசையும் ஒத்துப்போகாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு ‘இனம் 1’, ‘இனம் 2’ என்று எழுதுங்கள். கணக்குக்கு அதுவே போதும்.

எண்களைப் படிப்பது

10 பிளாட்டில் 42 இனம் கண்டீர்கள் என்று கொள்வோம். அதில் 16 இனம் ஒரே ஒரு பிளாட்டில் மட்டும், 8 இனம் சரியாக இரண்டு பிளாட்டில். ஒருமுறையே தென்பட்டவை இவ்வளவு என்றால் கண்ணில் படாதவை இன்னும் உண்டு. காணாமல் விட்ட இனங்களை மதிப்பிடும் சாவோ முறையின் எளிய வடிவில்: 16ஐ 16ஆல் பெருக்கி, 8இன் இருமடங்கால் வகுத்தால் 16. 42ஐயும் 16ஐயும் கூட்டினால் 58. கனி தந்த இனங்களில் குறைந்தபட்சம் இத்தனை என்பதே இதன் பொருள்; கட்டைக்குள் கனி தராமல் கிடப்பவை இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைப் பிடிக்கக் கட்டையைத் துளையிட்டு மரத்தூளை எடுத்து அதிலுள்ள மரபணுவைப் படிக்க வேண்டும்.

இரண்டு காடுகளை ஒப்பிடும்போது ஒரு காட்டில் 120 பதிவில் 30 இனம், மற்றதில் 400 பதிவில் 45 இனம் என்றால் இரண்டாவதே வளமானது என்று எழுதிவிடாதீர்கள். கூடுதலாகப் பார்த்தால் கூடுதலாகத்தான் கிடைக்கும். 400இலிருந்து 120 பதிவுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பலமுறை எடுத்து, சராசரியாக எத்தனை இனம் வருகிறது என்று பாருங்கள். அது 30ஐவிடக் குறைவாகக்கூட வரலாம். அதன்பின் தடிமன்வாரியாகவும் மக்கல் நிலைவாரியாகவும் பிரியுங்கள். 3, 4ஆம் நிலைப் பெருங்கட்டைகளில் மட்டுமே வரும் இனங்கள் ஒரு காட்டில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், அங்கே காளானைத் தேடுமுன் விழுந்த மரங்களை யார் எப்போது எடுத்துப்போனார்கள் என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.